நாலு இருபதில் நின்ற வெயில்

கடையந்துறையில் ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாலு இருபதுக்கு விழுந்துகொண்டிருந்த வெயில், விழுந்தது விழுந்தபடியே நின்றுவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் இதைக் குரலைத் தாழ்த்தியும் சொல்வதில்லை, கண்ணை விரித்தும் சொல்வதில்லை. அந்த வருஷம் நெத்திலி நன்றாகப் பட்டது, கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டார்கள், வெயில் நின்றது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே நூற்றி எண்பது வீடுகள் இருந்த அந்த ஊரில், வெயில் யாரால் நின்றது என்பது செலஸ்தீனா ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் அது உடனே தெரிந்துவிடவில்லை.

செலஸ்தீனா ஊருக்குத் தையல்காரி. டிசம்பர் பிறந்தால் அவள் வீட்டு வாசலில் துணிப்பைகள் வரிசை கட்டிவிடும். பாடகர் குழுவுக்கு வெள்ளைச் சட்டை, புதுநன்மை வாங்கின பிள்ளைகளுக்குக் கவுன், கட்டிக்கொடுத்து முதல் பண்டிகைக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்களுக்குக் கழுத்து இறக்கின ரவிக்கை, அவர்களுடைய மாமியார்களுக்குக் கழுத்து ஏற்றின ரவிக்கை என்று இருபத்திநாலு நாளும் மிஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்கி, கடைசி ரவிக்கைக்குக் கடைசிக் கொக்கியை வைத்துக் கொடுத்தனுப்பியபோது மணி நாலு. ஊரே புதுத்துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், செலஸ்தீனா வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, குடிலுக்கு வைக்கோல்கூட வாங்கவில்லை. வெட்டித் தள்ளின துணித்துண்டுகளுக்கு நடுவில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து விளக்குமாற்றை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சோம்பல் இல்லை அது. அவள் புருஷன் ரேமண்டு மச்சாது தோணிக்காரர். காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருகிற தோணியில் முப்பது வருஷமாக வேலை. எந்த ஊரில் எந்தக் காற்றில் மாட்டிக்கொண்டிருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாலு மணி சுமாருக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பார். வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பார், அது ஊறுகிற நேரத்தில் கம்பை நட்டு நட்சத்திரத்தைக் கட்டுவார், ஏணியில் நின்றுகொண்டே அச்சு முறுக்குக்கு இனிப்புப் போதுமா என்று மாவைத் தொட்டு நக்கிப் பார்ப்பார், கோயிலில் முதல் மணி அடிப்பதற்குள் வீடு முழுவதும் வெள்ளையும் வெளிச்சமுமாக ஆகிவிடும். முன்கூட்டியே செய்து வைத்தால் அவருக்குப் பிடிக்காது. "எல்லாம் செஞ்சு முடிச்சிட்டா அப்புறம் நான் எதுக்குட்டி வாரேன்?" என்று கோபித்துக்கொள்வார். அதனால் கல்யாணமான நாளிலிருந்து செலஸ்தீனா ஒரு கிறிஸ்துமஸுக்கும் நாலு மணிக்கு முன்னால் விளக்குமாற்றைத் தொட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசிக் காற்றில் ஏழு பேரோடு புறப்பட்டுப் போன தோணி மாலத்தீவுக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகைகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. மற்ற ஆறு பேரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அந்த ஆறு வீட்டிலும் ஒவ்வொன்றாக அழுது முடித்து, இறந்தவர்களுக்கான பூசையையும் வைத்துவிட்டார்கள். செலஸ்தீனா வைக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "வந்துருவாக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பாள்.

நாலு இருபதுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் உடம்பு அவளைக் கேளாமலே பாதி எழுந்துவிட்டது. வந்தது வியாகுலம் உபதேசியார். கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற, சாவு வீட்டில் முதலில் வந்து நிற்கிற, யாரையும் கடிந்து பேசத் தெரியாத ஒல்லியான மனிதர். அவர் கையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. கிறிஸ்துமஸ் பூசையில் நீல நோட்டிலிருந்து கடலிலும் தூரதேசத்திலும் இருப்பவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், கறுப்பு நோட்டிலிருந்து இறந்தவர்களின் பெயர்களை.

"தாயி," என்றார் உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு. "போன ரெண்டு வருஷமும் நீல நோட்டுல வாசிச்சேன். இந்த வருஷம் பங்குச் சாமி கேட்டுட்டு வரச் சொன்னாரு. எதுல எழுத?"

செலஸ்தீனா அவருடைய கையைப் பார்த்தாள். பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க, உபதேசியாரே," என்றாள்.

அவர் பொறுத்தார். அவரோடு சேர்ந்து வெயிலும் பொறுத்தது. கரையோரப் பனைகளின் நிழல் நீண்டு நீண்டு வந்து கடலில் தலையை நனைக்க ஒரு முழம் இருக்கையில் நின்றது. கோயில் கடிகாரத்தின் முள் நின்றது. வற்றிக்கொண்டிருந்த கடல் அதற்குமேல் வற்றாமல், ஏறவும் செய்யாமல், ஒரே கோட்டில் அலையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. உபதேசியார் நின்று நின்று பார்த்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அப்புறம் வாரேன் தாயி" என்று போனார்.

ஊருக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று, ஏனென்றால் பண்டிகைக்கு முந்தின நாள் நேரம் போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தபோது அது கிடைத்ததே தெரியவில்லை. நாலு ஈடு முறுக்குச் சுட்டவர்கள் பத்து ஈடு சுட்டார்கள், கேக்கு உப்பவில்லை என்று அழுதவள் மறுபடி ஒன்று செய்தாள், அதுவும் உப்பாமல் மூன்றாவது செய்தாள். தரகன் தெருப் பெண்கள் குடிலுக்கு மலை செய்து, மலைக்கு அருவி செய்து, அருவிக்கு ஒரு பாலமும் செய்தார்கள். பாடகர் குழு பன்னிரண்டு பாட்டையும் பாடிப் பார்த்து, தொண்டை கட்டி, தொண்டை தெளிந்து, திரும்பவும் பன்னிரண்டையும் பாடிப் பார்த்தது. அப்புறம் எல்லாருக்கும் தூக்கம் வந்தது. வெயிலிலேயே தூங்கி எழுந்து வெளியே வந்து பார்த்தால் அதே நாலு இருபது. அப்போதுதான் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நின்னுட்டு போலிருக்கு," என்றார் வலைகளை வைக்கும் கிட்டங்கியின் கணக்குப்பிள்ளை.

"ஆமா, நின்னுட்டு," என்றார்கள் மற்றவர்கள்.

அதற்குப் பிறகு பொழுதை அவர்கள் தூக்கத்தால் எண்ணினார்கள். முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம், மூன்றாம் தூக்கம். மேற்குப் பார்த்த வீடுகளில் வெயில் நேரே மூஞ்சியில் அடித்ததால், அந்த வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிழக்குப் பார்த்த வீடுகளுக்குத் தூங்கப் போனார்கள்; வேலித் தகராறில் எட்டு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் அப்படி ஒரே அறையில் குறட்டை விட வேண்டி வந்து பேசிக்கொண்டன. கருவாட்டுக்காரிகளுக்குக் கொண்டாட்டம், காய்ந்த மீனை அள்ளி ஈர மீனை விரித்தார்கள், அதுவும் காய்ந்தது. கோழிகள் கூட்டுக்குப் போகவா வேண்டாமா என்று கூட்டு வாசலிலேயே நின்று நின்று கால் கடுத்து உட்கார்ந்தன. கிறிஸ்துமஸிலிருந்து குடியை விட்டுவிடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்த லாரன்ஸ், கடைசியாக ஒரு பாட்டில் என்று ஆரம்பித்து, நாள் முடியாததால் அதையும் முடிக்க மனசில்லாமல் துளித்துளியாக நாலு தூக்கம் குடித்தான். பங்குச் சாமியார் பிற்பகல் செபத்தை முப்பது தடவை சொல்லிவிட்டார். அதைத் தாண்டி அடுத்த செபத்துக்குப் போக அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெளியூருக்குப் போன் போட்டால், "இப்பத்தானே பேசிட்டு வச்சே?" என்றார்கள் எடுத்தவர்கள். அவர்களுக்கு அது அதே நிமிஷம். இவர்கள் இரண்டு தூக்கம் தூங்கி எழுந்திருந்தார்கள்.

மூன்றாம் தூக்கத்துக்குப் பிறகு பெண்கள் கோயில் முற்றத்தில் கூடிப் பேசினார்கள். காரணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, என்ன பாக்கி என்றுதான் பேசினார்கள். ஊர் முழுக்க வீடு வீடாக எண்ணிப் பார்த்ததில் நூற்றி எழுபத்தொன்பது வீடு தயார், ஒரு வீடு தயாரில்லை.

"அவ என்ன செய்வா பாவம், நம்ம துணியத்தானே தச்சிட்டிருந்தா," என்றாள் பக்கத்து வீட்டு அன்னரோஸ். "வாங்க, நாம போய் முடிச்சுக் குடுப்போம்."

அப்படித்தான் அந்த ஊரே செலஸ்தீனா வீட்டுக்குள் புகுந்தது. அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒருத்தி துணித்துண்டுகளைப் பெருக்கித் தள்ளினாள், ஒருத்தி சுண்ணாம்பைக் கரைத்தாள், நாலு பேர் நாலு சுவரில் ஏறினார்கள். லாரன்ஸ் தள்ளாடித் தள்ளாடிக் கம்பை நட்டான். அது கோணலாக நின்றது, ஆனாலும் நின்றது. நட்சத்திரம் வந்தது, நட்சத்திரத்துக்குள் விளக்கு வந்தது, குடில் வந்தது, குடிலுக்கு ஆட்டுக்குட்டிகளும் ஒட்டகங்களும் மூன்று வீட்டிலிருந்து கடனாக வந்தன, ஒரு ஒட்டகம் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது. அரிசி இடிக்கப்பட்டு, மாவு கரைக்கப்பட்டு, எண்ணெய் காய்ந்து, அச்சு முறுக்கு பொரிந்தது, முந்திரிக்கொத்து உருண்டது. செலஸ்தீனாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். யாருடைய வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவள் மாதிரி அவள் அதில் உட்கார்ந்து, தன் வீடு வெள்ளையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தடிக்கு நடுவில் அடுத்த தெரு ஜெசிந்தா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஜெசிந்தாவுக்கு இருபத்தேழு வயது. அவள் புருஷன் பெனிட்டோ சரக்குக் கப்பலில் சமையல்காரன். பதினாலு மாதத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திரும்பப் போக வேண்டும்.

"அக்கா," என்றாள் காதோடு. "மெதுவா செய்யச் சொல்லுங்கக்கா. ஏதாவது ஒண்ணு பாக்கி வைங்க. இந்தச் சுவரு இன்னும் ரெண்டு கோட்டிங் கேக்கும்னு சொல்லுங்க."

செலஸ்தீனா அவளைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் கன்னத்தில் சுண்ணாம்புத் துளி ஒட்டியிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

ஐந்தாம் தூக்கத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுவிட்சைப் போட்டார்கள், நட்சத்திரம் எரிந்தது, பகல் வெளிச்சத்தில் அது எரிவது சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் கைகளைத் துடைத்துக்கொண்டு மேற்கே திரும்பிப் பனங்காட்டைப் பார்த்தார்கள். வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் அன்னரோஸ், "சரி, அது நம்ம கையில இல்ல போல" என்றாள். எல்லாரும் தூங்கப் போனார்கள்.

அதற்குப் பிறகு வந்த தூக்கங்கள் நன்றாக இல்லை. முறுக்கு நமுத்தது. கருவாடு காய்ந்து காய்ந்து கட்டையாகி வாயில் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. லாரன்ஸின் பாட்டிலும் தீர்ந்துபோய், குடிக்கவும் முடியாமல் குடியை விடவும் முடியாமல் கடற்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். பிள்ளைகள் பெட்டிமேல் இருந்த புதுத்துணியை முகர்ந்து பார்த்துப் பார்த்து, அதில் கடையின் வாசனை போய்விட்டது என்று அழுதன. உபதேசியார் ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் இரண்டு நோட்டோடு வந்து செலஸ்தீனா வாசலில் நின்றார், எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். செலஸ்தீனாவும் செம்பைக் கொடுத்து, செம்பை வாங்கி, கதவடியில் நின்றாள். ஒவ்வொரு முறை செருப்புச் சத்தம் கேட்கும்போதும் அவள் உடம்பு பாதி எழுந்தது. நாலு இருபது இருக்கும்வரைக்கும் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அந்த உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதைவிட இன்னொன்றையும் அவள் சொல்லவில்லை: அந்த நின்றுபோன பொழுது அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினொன்றாம் தூக்கத்துக்குப் பிறகு, வீட்டுக்குள் இருக்க முடியாமல், பனங்காட்டு ஓரமாக நடந்தாள். அங்கே ரோடு முடிகிற இடத்தில் பஸ் நிறுத்தம். சிமெண்டுப் பெஞ்சில் ஷைனி உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது, இரட்டைப் பின்னல், பல் விழுந்த வாய். காலை ஆட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன பிள்ள செய்யுத, தனியா?"

"அஞ்சு மணி பஸ்ல எங்க அப்பா வாராங்க, சித்தி. திருப்பூர்ல இருந்து."

"அஞ்சு மணிதான் வரலியேடா."

"அதான் சித்தி." ஷைனி அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா பஸ்லயே உக்காந்திருப்பாங்க. ஜன்னலோரத்துல. போன் பண்ணினேன், புளியம்பட்டி தாண்டிட்டேன்னு சொன்னாங்க. தூங்கி எந்திச்சுத் திரும்பப் பண்ணினேன், புளியம்பட்டி தாண்டிட்டேன்னுதான் சொன்னாங்க. எத்தனை தடவ பண்ணினாலும் அப்படித்தான் சொல்லுதாங்க. அம்மா இனிமே பண்ணாதன்னுட்டாங்க." காலாட்டுவதை நிறுத்தினாள். "அப்பாவுக்குப் பசிக்கும்ல சித்தி?"

செலஸ்தீனா பெஞ்சில் உட்கார்ந்தாள். ரோடு வெயிலில் நீளமாக, சுத்தமாக, ஒன்றுமில்லாமல் கிடந்தது. அந்த ரோட்டின் ஏதோ ஒரு வளைவில் ஒரு பஸ், ஜன்னலோரத்தில் ஒரு தகப்பன், மடியில் ஒரு துணிப்பை. அவனும் வந்துகொண்டேதான் இருக்கிறான்; ஒரு சக்கரம்கூட உருளவில்லை. உபதேசியாரைத் தான் பொறுக்கச் சொன்னபோதுதான் வெயிலும் நின்றது என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை தூக்கமும் தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருமே வர முடியாத ஒரு நேரத்தில் என்று அந்தப் பெஞ்சில்தான் அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸிலும் வர முடியாது. தோணியிலும் வர முடியாது. அவர் எங்கேயாவது ஒரு தீவில் ஏதோ ஒரு கரையில் காலை எடுத்து வைக்கத் தூக்கியிருந்தால், தூக்கின கால் தூக்கினபடிதான் நிற்கும்.

"அப்பா வந்துருவாங்களா சித்தி?" என்றாள் ஷைனி.

இரண்டு வருஷமாக எல்லாருக்கும் சொல்லிப் பழகின வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. செலஸ்தீனா அதைச் சொல்லவில்லை. "நான் போய் ஒரு வேலையை முடிச்சிட்டு வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

நேரே ஜெசிந்தா வீட்டுக்குத்தான் போனாள். உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பெனிட்டோ ஜெசிந்தாவின் மடியில் தலை வைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் விரல் அவன் முடிக்குள் இருந்தது.

"ஜெசிந்தா, நான் முடிக்கப் போறேன்."

ஜெசிந்தாவுக்கு எதை என்று கேட்கத் தோன்றவில்லை. முகம் சிவந்தது. "உங்களுக்கென்னக்கா," என்றாள். "உங்களுக்கு ராத்திரி வந்தா என்ன, வராட்டா என்ன." சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் பெனிட்டோவின் நெற்றியில் விழுந்தது. தூக்கத்திலேயே அவன் அதைத் துடைத்துக்கொண்டான்.

செலஸ்தீனா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. "அந்தப் பிள்ள ஷைனி பஸ் நிறுத்தத்துல உக்காந்திருக்கா," என்றாள். "எத்தனை தூக்கமாவோ தெரியல."

ஜெசிந்தா குனிந்து பெனிட்டோவின் முகத்தைப் பார்த்தாள்.

"இவரு வந்த அன்னைக்கு என்ன சிரிப்புக்கா," என்றாள் ஜெசிந்தா மெல்ல. "கப்பல் கதை ஒண்ணொண்ணாச் சொல்லிச் சிரிக்க வச்சாரு. இப்ப எல்லாக் கதையும் தீந்துபோச்சு. சும்மா படுத்திருக்காரு. நானும் போறதையே நெனச்சு நெனச்சு இருக்கதை ஒழுங்காப் பாக்கல." முடிக்குள் இருந்த விரலை அவள் எடுக்கவில்லை. "அவரா முழிக்கட்டும்க்கா. நான் எழுப்ப மாட்டேன். அவரா முழிச்சதும் செய்யுங்க."

"சரி."

செலஸ்தீனா காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலைதான் அது. சுவரில் சாய்ந்துகொண்டு, அடுத்தவள் மடியில் தூங்கும் ஒரு ஆம்பிளையின் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் அடுப்படியில் நின்று நின்று வெடித்த உள்ளங்கால். அவளுக்கும் அப்படி ஒரு பாதம் தெரியும். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் நீளமானது, கயிறு அறுத்த தழும்பு குதிகாலில். ஒரு பாதத்தைக்கூட இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல், அடக்காமல் அழுதாள். ஜெசிந்தா பார்க்காதவள்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

பெனிட்டோ கண்ணைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன, காப்பி இல்லையா?" என்றான். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செலஸ்தீனா எழுந்து வெளியே வந்தாள்.

உபதேசியார் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் செம்பை எடுக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க உபதேசியாரே, கேளுங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டார். "எதுல எழுத, தாயி?"

"எனக்குத் தெரியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவுக இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியல உபதேசியாரே. வந்துருவாக வந்துருவாகன்னு ஊர்ல எல்லார்ட்டயும் சொன்னேன். நம்பிச் சொல்லல. சொல்லாட்டா நீங்க எல்லாரும் என் வீட்டுல வந்து அழுதுருவீகன்னு சொன்னேன். அழவும் எனக்கு முடியாது, ஏன்னா நாளைக்கே வந்து நின்னா என்ன செய்ய? எனக்குத் தெரியாது. அதை அப்படியே எழுதுங்க."

"தெரியாதவுகளுக்குன்னு நோட்டு இல்லையே தாயி."

"அப்ப ஒண்ணு போடுங்க."

வியாகுலம் உபதேசியார் நாற்பது வருஷமாக அந்த இரண்டு நோட்டுகளை மட்டும் சுமந்தவர். நீல நோட்டைப் பார்த்தார், கறுப்பு நோட்டைப் பார்த்தார். அப்புறம் நீல நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, தலைப்பு ஒன்றும் போடாமல், ரேமண்டு மச்சாது என்று மெதுவாக எழுதினார். எழுதிவிட்டு மை காய ஊதினார். அவர் ஊதுகையில் அவருடைய நாற்காலியின் நிழல் செலஸ்தீனாவின் காலில் ஒரு விரற்கடை ஏறியது.

ஊரில் யாரும் கூச்சல் போடவில்லை. கோழிகள்தான் முதலில் எழுந்தன. வரிசையாகக் கூட்டுக்குள் போயின. கடற்கரையில் பனைகளின் தலைநிழல் தண்ணீரைத் தொட்டது. கருவாட்டுக்காரிகள் ஓலைப்பாயைச் சுருட்டினார்கள். அன்னரோஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தவள், நோட்டையும் பார்த்தாள், செலஸ்தீனாவின் முகத்தையும் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உபதேசியாரே, எங்க தம்பி சூசைநாதனையும் அதுல எழுதுங்க," என்றாள். "ஆறு வருஷம் முந்தி அப்பாட்ட சண்டை போட்டுட்டு வடக்க போனான்ல."

அவளுக்குப் பின்னால் லாரன்ஸ் வந்து நின்றான். அவன் மகள் பெயர் ஊரில் யாரும் அவன் முன்னால் சொல்லாத பெயர். அவனே சொன்னான், சொல்லி, எழுத்துக் கூட்டியும் சொன்னான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் ஒன்பது பேர். பக்கம் நிறைந்து உபதேசியார் அடுத்த தாளுக்குப் போனார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, அவராகவே யாரிடமும் சொல்லாமல் ஒரு பெயரை எழுதிக்கொண்டார்.

பனங்காட்டுக்கு அப்பால் ஹாரன் சத்தம் கேட்டது.

செலஸ்தீனா போனாள். போக வேண்டிய காரணம் அவளுக்கு எதுவும் இல்லை, ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனாள். பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முன்வாசலில் இறங்கியவர்களில் மூன்றாவது ஆளை ஷைனி இடுப்போடு கட்டிக்கொண்டாள். அவன் கையில் இருந்த பை கீழே விழுந்து ஆரஞ்சுப் பழங்கள் ரோட்டில் உருண்டன. "என்னடா, முக்கா மணி நேரத்துக்கு முன்னாலதானே பேசினோம், இந்த அழுகை அழுத?" என்றான் அவன். ஷைனி பிடியை விடவில்லை. பழங்களைப் பொறுக்கப் பலர் குனிந்தார்கள்.

செலஸ்தீனா குனியவில்லை. இறங்குகிற ஒவ்வொருவராகப் பார்த்தாள். துணிக்கட்டோடு ஒரு கிழவர். கைக்குழந்தையோடு ஒரு பெண். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். கேக்கு டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தடித்த ஆள். அப்புறம் படிக்கட்டு காலியாக இருந்தது.

கண்டக்டர் வெளியூர்க்காரன், வயசு முப்பதுக்குள் இருக்கும். விசிலை வாயில் வைத்தவன், ஊதாமல், அவளைப் பார்த்தான்.

"யாரையும் எதிர்பாக்கீங்களாம்மா?"

"ஆமா," என்றாள் செலஸ்தீனா.

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். திரும்பிப் பஸ்ஸுக்குள் ஏறினான். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு, தூங்கிப்போனவர்கள் யாராவது இருந்தால் எழுப்புகிற மாதிரி முதுகுச் சாய்மானங்களைத் தட்டிக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் நடந்தான். கடைசிச் சீட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பின்வாசல் வழியாக இறங்கி வந்து, அவள் முன்னால் நின்று, இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அவன் விசில் ஊதினான். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.